அஞ்சு வருஷம் ஓடட்டும்

உக்காருங்கண்ணே. அது ஆடுற பெஞ்சு, இந்தப் பக்கமா உக்காருங்க. புளி விலை கேட்டு வந்தேன்னு சொன்னீங்க. சொல்றேன், அதுக்கென்ன. ஆனா நீங்க புளி வாங்க வந்த ஆளு இல்ல. எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? புளி வாங்க வர்றவன் உள்ள நுழைஞ்சதும் மூட்டையில கைய விடுவான். ஒரு துண்டப் பிச்சு நாக்குல வைப்பான். நீங்க வந்து இம்புட்டு நேரமாச்சு, மூட்டைப் பக்கம் திரும்பவே இல்ல, என் மூஞ்சியையே பாக்கறீங்க. தேய்ச்ச சட்டை வேற. மாப்பிள்ளை விசாரிக்கத்தானே வந்தீங்க?

அட, இதுல என்ன கூச்சம். சித்திரையிலருந்து நீங்க மூணாவது ஆளு. மொதல்ல மணப்பாறையிலருந்து ஒருத்தர் வந்தாரு. பின்னால மேலூர்க்காரர் ஒருத்தர், மச்சினனையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. நீங்க எந்த ஊரு? வடமதுரையா. நல்லது. நமக்குள்ள என்ன முறைன்னு பெறகு பாத்துக்குவோம், இப்போதைக்கு அண்ணன்னே வச்சுக்கறேன். என் பேரு சோலைமலை. இந்தத் தெருவுல முப்பத்தஞ்சு வருஷமாப் புளி யாவாரம்.

நம்ம சனங்க வழக்கம் நல்ல வழக்கம்ணே. மாப்பிள்ளையப் பத்தித் தெரியணும்னா அவன் வீட்டுல கேக்காத, அவன் சேக்காளிகிட்டயும் கேக்காத, அதே தொழில்ல இருக்கற எதிர்க்கடைக்காரன்கிட்டக் கேளும்பாங்க. எதிர்க்கடைக்காரன் வாயால நல்லவன்னு வந்துட்டா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணைக் குடுக்கலாம். அதனாலதான் எல்லாரும் நேரா இங்க வர்றீங்க. மேலூர்க்காரர் அரைமணி நேரம் பேசுனாரு. பேசிட்டு எந்திரிச்சவரு பையன் வீட்டுக்குப் போகல, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. மணப்பாறைக்காரரும் அப்படித்தான். ஒரு பொண்ணோட வாழ்க்கை பாருங்க, நான் பொய் சொல்ல முடியுமா?

பூமிநாதனப் பத்தித்தானே? உங்க கேள்வி ஒரே கேள்விதான், அது எனக்கே தெரியும். பய அஞ்சு வருஷமா நல்லாச் சம்பாதிக்கிறான். ஓட்டு வீட்டை இடிச்சு மாடி கட்டிட்டான். சொந்தமா ரெண்டு வண்டி ஓடுது. இது நிலைக்குமா, இல்ல ரெண்டு நாள் கூத்தா? நாளைக்குப் பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மாமனார் வீட்டு வாசல்ல வந்து நிப்பானா, மாட்டானா? அம்புட்டுதானே.

நிலைக்காது. எழுதி வேணாலும் தர்றேன்.

காரணம் வேணுமா? கேளுங்க. மொதல்ல அவன் யாருன்னு கேளுங்க. எனக்கு லோடு அடிச்ச பய அவன். ஒரு குட்டியானை வண்டி, அதுவும் தவணையில எடுத்தது. அவங்கப்பன் சந்தையில சாக்குத் தைச்சவன். நாங்க மரம் உலுக்கி முடிக்கற வரைக்கும் இவன் வண்டிய ஓரங்கட்டிட்டு மரத்தடியில படுத்துக் கிடப்பான். தூங்குறான்னுதான் நெனச்சேன். எந்த மரத்துல எத்தனை சாக்கு விழுதுன்னு படுத்துக்கிட்டே பாத்திருக்கான், கள்ளன்.

இந்தத் தொழில் உங்களுக்குத் தெரியாதுல்ல. நாங்க விதைக்கிறதுமில்ல, தண்ணி ஊத்துறதுமில்ல. ரோட்டோரத்துப் புளியமரம், கம்மாக்கரை மரம், இதெல்லாம் வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடுவாங்க. பிஞ்சா இருக்கும்போதே மரத்தைப் பாத்து, தை மாசி பொறந்தா இது எத்தனை மூட்டை குடுக்கும்னு மனசுலயே கட்டி, ஏலத்துல கேக்கணும். கனிஞ்சா நமக்கு, கொட்டிப் போனா மண்ணுக்கு. பாக்கறதுலயும் ஒரு முறை இருக்கு. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, எண்ணக் கூடாது. எண்ணுனாப் பிஞ்சு அழுகிப் போகும். புடலங்காய்க்கே சொல்லுவாங்களே, அதேதான். அதனால நாங்க ஜீப்புல போயிக்கிட்டே ஒரு பார்வை. வலது பக்கம் ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை. இருநூறு மூட்டைன்னா இருநூறு மூட்டைதான். என் கண்ணு அப்படி.

இந்தப் பய என்ன பண்றான் தெரியுமா? ஒரு நோட்டு. பள்ளிக்கூடத்துல வாங்குற நாப்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, போன வருஷம் எத்தனை சாக்கு, அதுக்கு மொத வருஷம் எத்தனை சாக்கு, எல்லாம் அதுல. அடிமரத்துல சுண்ணாம்புல புள்ளி வேற. காய்ச்ச மரத்துக்கு ஒரு புள்ளி, காய்க்காத மரத்துக்கு ரெண்டு புள்ளி. மரத்துக்கு ஜாதகம் எழுதுறான்டா இவன்னு தெருவே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். நடுரோட்டுல நின்னு விரலை நீட்டி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவான்ணே, வெக்கமே இருக்காது. போற பஸ்ஸுல இருக்கறவன்லாம் எட்டிப் பாப்பாய்ங்க.

சரி, சம்பாத்தியத்துக்கு வர்றேன். மொத வருஷம் முப்பத்தெட்டு மரம் எடுத்தான். ஒருத்தரும் கேக்காத மரம், உள்ளூருக்குப் போற சின்ன ரோடு, லாரி போகாது. இவன்கிட்டதான் குட்டியானை இருக்கே, உள்ள விட்டு அள்ளிக்கிட்டு வந்துட்டான். லாபம். குருவி உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. அதை ஒரு வருஷம்னு சேக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டாவது வருஷம் விலை ஏறுன வருஷம். வைகாசியில புளி விலை எங்கயோ போச்சு. அந்த வருஷம் புளி வச்சிருந்தவன் எல்லாம் ராசா. இவனுக்கும் லாபம். அதுல என்ன தெறமை?

என்ன கேக்கறீங்க? ஆமா, அவன் மாசியிலயே வித்துட்டான். விலை ஏறுறதுக்கு முன்னாலயே வித்துட்டான், உண்மைதான். அது வேற கதைண்ணே. அது பயம். கையில இருந்தா நிம்மதியாத் தூக்கம் வராது அவனுக்கு. வந்த விலைக்குத் தள்ளிட்டுக் கூலிக்காரிகளுக்கெல்லாம் அன்னைக்கே குடுத்துட்டு வீட்டுல போயி உக்காந்துட்டான். யாவாரின்னா தில்லு வேணாமா? நான் அந்த வருஷம் ஆனி தாண்டியும் வச்சிருந்தேன். ஆடியில இறங்கிருச்சு, அது என் தப்பா? விலைவாசி மேல போறதும் கீழ வர்றதும் யாரு கையில இருக்கு.

நான் ஆரம்பிச்சப்ப எப்படின்னு கேளுங்க. எனக்கு இருபத்தி மூணு வயசு. பெரிய ஏலம் அது. கேக்க வேண்டிய பெரிய ஆளுக நாலு பேரு திண்டுக்கல்லுலருந்து கார்ல வர்றாங்க, வழியில ஆக்சில் ஒடைஞ்சு நின்னுருச்சு. இங்க மணி அடிச்சாச்சு. கேக்க நான் ஒரு ஆளுதான். நூத்தம்பது மரம், கேட்ட தொகைக்குக் கெடைச்சுது. அந்த வருஷம் காய்ச்ச காய்ப்பு இருக்கே, சொல்லி மாளாது. சிரிக்காதீங்க, அது அதிர்ஷ்டம் இல்ல. நேரத்துக்குப் போனேன் பாருங்க, அதுதான் தெறமை. என் மாமனாரு அந்த ஒரே ஒரு வருஷத்தைப் பாத்துட்டு வந்து, சோலைமலை, என் மகளக் கட்டிக்கன்னாரு. ஒரே வருஷம். அவருக்கு ஆளை எடை போடத் தெரியும். இன்னைக்கு அப்படி யாரு இருக்கா.

நாம ரெண்டாவது வருஷத்துல நின்னோம்ல. அது முடிஞ்சதும் ஒருநாள் பூமிநாதனோட ஆத்தா பெருமாயி வருது எங்க வீட்டுக்கு. தட்டுல பூவு, பழம், வெத்தல. என்னங்க இதுன்னேன். உங்க சுகந்தியக் கேட்டு வந்திருக்கோம்னுச்சு.

ஆமா, என் மகதான். ஒரே மக. பி.காம் படிச்சவ. இந்தக் கடை நடக்குதுன்னா அவளாலதான்னு வச்சுக்கங்க. நான் மரத்தைப் பாப்பேன், அவ தராசைப் பாப்பா. பில்லு, லாரி, கூலி, எல்லாம் அவதான். ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு எடைக்காரன், ரெண்டு ஆள் வேலைய ஒத்தையாப் பாக்குறா. அப்ப இருபத்தெட்டு வயசு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு லோடு அடிச்ச பய. ரெண்டு வருஷம் கையில காசு பாத்துட்டான், ஒடனே என் வீட்டுப் படியேறிட்டான். அற்பனுக்கு வாழ்வு வந்தா கதைதான். ஆனா நான் கத்தல. பெரிய மனுசன் கத்தக் கூடாது. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். தாயி, ரெண்டு வருஷ லாபம் யாருக்கும் வரும். இந்தத் தொழில்ல அஞ்சு வருஷம் ஓடட்டும். அஞ்சு வருஷம் நின்னு காட்டச் சொல்லு உன் மகனை, அப்புறம் தட்டைத் தூக்கிட்டு வா. அந்தம்மா மொகம் சுண்டிப் போச்சு. அவன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். சரி மாமா, அஞ்சு வருஷம்னான். அம்புட்டுதான் சொன்னான். கோவப்படல, மல்லுக்கட்டல. சூடு சொரணை உள்ளவனா இருந்தா ரெண்டு வார்த்தை பேசியிருப்பான்ல?

அஞ்சு வருஷத்துல ஒழிஞ்சு போவான்னு நெனச்சேன், உண்மையச் சொல்றேன். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். மொத வருஷம் புல்லட்டு, ரெண்டாவது வருஷம் மாலை மரியாதை, மூணாவது வருஷம் ஊரை விட்டே ஓட்டம்.

மூணாவது வருஷத்துலதான் எனக்கு அவன் செஞ்ச துரோகம். இதைக் கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க. மெயின் ரோட்டு மரம், நூத்திப் பன்னெண்டு மரம். ஆடியில பூ பூத்துக் கெடக்குது, ரோடெல்லாம் மஞ்சளும் செவப்புமா உதிர்ந்து கெடக்குது. ஆவணியில பிஞ்சு கொத்துக் கொத்தா. ஜீப்புல போயி ஒரு பார்வை பாத்தேன். ஐநூறு மூட்டைன்னு கட்டிட்டேன். ஏலத்துக்கு ரெண்டு நாள் இருக்கு, சாயந்தரம் இவன் வீட்டுக்கு வந்தான். நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தான். மாமா, அந்த மரமெல்லாம் போன வருஷம் காய்ச்சுத் தள்ளுன மரம். இந்த வருஷம் பூவு காட்டும், பிஞ்சு காட்டும், ஐப்பசி அடைமழையில கொட்டிரும். நான் ஒவ்வொண்ணாப் பாத்துட்டேன், நீங்க பெரிய தொகைக்குப் போகாதீங்கன்னான்.

எந்த யாவாரியாவது எதிராளி வீட்டுக்கு வந்து யோசனை சொல்லுவானா? எனக்கு அப்பவே வெளிச்சமாயிருச்சு. என்னைக் கேக்க விடாமப் பண்ணிட்டு அவன் அமுக்கப் பாக்கறான். போடா, போயி வண்டிய ஓட்டுன்னு அனுப்பிச்சேன். சுகந்தி அடுப்படிக்குள்ளருந்து, அப்பா அவரு பொய் சொல்ல மாட்டாருப்பான்னா. உனக்கென்ன தெரியும் அவனப் பத்தின்னு கேட்டேன். தோசையத் திருப்பப் போயிட்டா.

ஏலத்தன்னைக்கு அவனும் வந்தான். நான் கேக்கறேன், அவன் மேல கேக்கறான். நான் கேக்கறேன், அவன் மேல கேக்கறான். பாத்தீங்களா, வேணாம்னு சொன்னவன் எதுக்குக் கேக்கறான்? என் சந்தேகம் உறுதியாயிருச்சு. பெறகு ஒரு தொகையில வந்து நின்னுட்டான். என்னைப் பாத்துக் கைய ஆட்டுனான், வேணாம் மாமாங்கற மாதிரி. சபையில, அம்புட்டு யாவாரிகளுக்கு முன்னால. எனக்கு ஏறுச்சு பாருங்க. அவன் விட்ட தொகைக்கு மேல ஒரு மடங்கு ஏத்திச் சொன்னேன். எதிர்த்துக் கேக்க ஆளே இல்ல, நானாத்தான் ஏத்துனேன். ஏலம் எனக்கே விழுந்துச்சு. மாலை போட்டாய்ங்க.

ஐப்பசியில கொட்டிருச்சு. நூத்திப் பன்னெண்டு மரத்துலயும் சேத்து நூறு மூட்டை தேறல. சுகந்திக்குன்னு அவ அம்மா சேத்து வச்சிருந்த நகை போச்சு, கம்மாக்கரை வயலு போச்சு. எதனால கொட்டுச்சு? நடுரோட்டுல நின்னு ஒவ்வொரு பிஞ்சா விரலை நீட்டி எண்ணுனானே, அதனால. எண்ணுனது அவன், நட்டம் எனக்கு. அதுவும் பாதியில நின்னுட்டான் பாருங்க, ஆம்பளையா இருந்தா கடைசி வரைக்கும் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அந்த நட்டம் அவன் தலையிலதான் விடிஞ்சிருக்கும். இந்த வருஷத்தை அவன் கணக்குல நான் எப்படிச் சேப்பேன்? சேக்க மாட்டேன்.

நாலாவது வருஷம் தை மழை. தெரியும்ல உங்களுக்கு, பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் ஊத்துச்சு. மரத்துல இருந்ததும் போச்சு, களத்துல காய்ஞ்சதும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அவனுக்கும் நட்டம். ஆக, நட்டப்பட்டவன்தானே? பங்குனியில வந்து சொல்றான், மாமா, இந்த வருஷம் கையக் கடிச்சிருச்சு, ஆனா சின்ன அடிதான், தாங்கிட்டேன், ஒருத்தருக்கும் பாக்கி வைக்கலன்னு. நட்டப்பட்டதைக் கூசாம வந்து சொல்றான்ணே. நாங்கள்லாம் சொல்லுவோமா? செத்தாலும் சொல்ல மாட்டோம். இந்தத் தெருவுல அந்த வருஷம் நாலு கடை மூடுனாய்ங்க, ஒருத்தனாவது நட்டம்னு வாயத் தொறந்தானா? அதுதான் யாவாரிக்கு அழகு. அந்த வருஷத்தையும் தள்ளிட்டேன். நட்ட வருஷத்தைச் சேக்க முடியாதுல்ல.

அஞ்சாவது வருஷம், இப்ப முடிஞ்சுச்சே, இது. எல்லா மரமும் காய்ச்ச வருஷம். கழுதை எடுத்திருந்தாலும் லாபம். நானா? நான் இந்த வருஷம் மரம் எடுக்கல. நேரம் சரியில்ல. கையில இருந்தது பூரா ரெண்டு வருஷப் பழைய புளியா குளிர்பதனக் கிடங்குல கெடக்குது, விலை வரட்டும்னு வச்சிருக்கேன். வரும். வராம எங்க போகும்.

பங்குனி உத்திரம் கழிஞ்சு வந்தான். ஆத்தாளக் கூட்டிக்கிட்டு, அதே தட்டு. அந்தம்மாவுக்கு இப்ப மூட்டு வலி, படியேற முடியல, அவன் கையப் பிடிச்சுக்கிட்டு ஏறுது. மாமா, அஞ்சு முடிஞ்சதுன்னான்.

எந்த அஞ்சுப்பான்னு கேட்டேன். உக்கார வச்சுத்தான் கேட்டேன், மரியாதையா. மொத வருஷம் குருட்டு யோகம், தள்ளு. ரெண்டாவது விலை ஏறுன வருஷம், தள்ளு. மூணாவது என்னை ஏமாத்துனது, தள்ளு. நாலு நட்டம். அஞ்சு எல்லாருக்கும் காய்ச்சது. ஆகப் பாக்கப் போனா உனக்கு இன்னும் ஒரு வருஷம்கூட ஆரம்பிக்கலயேன்னேன்.

நல்லாக் கேட்டேன்ல? இதுக்குப் பதில் சொல்ல முடியுமா ஒருத்தனால? அவன் நோட்டை மட்டும் எடுத்து முன்னாடி வச்சான். நான் தொடல. அந்தம்மாதான் எந்திரிச்சுச்சு. அண்ணே, உங்க மகளுக்கு முப்பத்தொண்ணு, என் மகனுக்கு முப்பத்தி மூணு, எனக்கு இன்னும் எம்புட்டு நாளோ தெரியாது, நான் வேற எடம் பாக்கறேன்னுச்சு. தாராளமாப் பாருங்கன்னேன். போகும்போது சுகந்திகிட்ட மட்டும் போயி அவ கன்னத்தைத் தொட்டுட்டுப் போச்சு, பெரிய சொந்தக்காரி மாதிரி. அன்னைக்கிலருந்து என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் என்கூடப் பேசறதில்ல. மூணு மாசமாச்சு. சோறு வைப்பா, பேச மாட்டா. பொம்பளைகளுக்கு என்ன தெரியும்ணே, தொழில்ல முதல் அஞ்சு வருஷம் எதையும் காட்டாது. பத்து வருஷம் பாக்கணும். நான் பாக்க மாட்டேனா பத்து வருஷம்? என் மகளுக்கு ஒரு நல்லது பண்ணணும்னுதானே பொறுமையாப் பாக்கறேன். அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்பா எனக்குக் கல்யாணம் பண்ணி வைன்னு ஒருநாள் கேட்டதில்ல. காலையில எட்டு மணிக்குத் தராசுல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிப்பா. தங்கமான பொண்ணு.

சரி, என் கதை எதுக்கு. உங்களுக்கு வேண்டியதச் சொல்லிட்டேன். ஊக்கமில்ல, தில்லு இல்ல, சூடு இல்ல, சபையில பாதியில நிக்கறவன், நட்டத்தை வெளிய சொல்றவன், விலை ஏறுறதுக்கு முன்னாலயே வித்துட்டுப் போறவன், பிஞ்சை எண்ணுறவன். இவன் நிலைப்பானா? மூணு மணிக்கு பஸ் இருக்கு வடமதுரைக்கு. காபி சொல்லட்டுமா?

என்ன எந்திரிச்சுட்டீங்க? எங்க போறீங்க?

பெருமாயி வீட்டுக்கா? எதுக்கு? அண்ணே, நான் இம்புட்டு நேரம் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? என்ன, நான் சொன்னதக் கேட்டுத்தான் முடிவு பண்ணுனீங்களா? என்ன கேட்டீங்க அப்படி? சின்ன அடி வாங்கித் தாங்கிட்டானேன்னா? அது ஒண்ணு போதுமா உங்களுக்கு? நட்டப்பட்டான்னு சொல்றேன், நீங்க அதைப் போயி... விசித்திரமான ஆளுண்ணே நீங்க. அந்த மேலூர்க்காரருக்கு இருந்த புத்திகூட உங்களுக்கு இல்லையே.

உள்ள வரும்போதே பாதி முடிவு பண்ணிட்டீங்களா? யாரு சொன்னா? இந்தத் தெருவுல எவன் சொன்னான், சொல்லுங்க, நான் கேக்கறேன் அவனை.

எவனும் இல்லையா.

முன்னாடி தராசுகிட்ட உக்காந்திருக்கற பொண்ணா?

அவகிட்ட எதுக்குக் கேட்டீங்க? கடையில யாரு இருக்கான்னு பாத்துட்டுச் சும்மா கேட்டீங்களா? அவ யாருன்னு தெரியாமலா? அவளத்தான் பூமிநாதனுக்குக் கேட்டாங்கன்னு இப்ப நான் சொல்லித்தான் தெரியுதா? சரி. சரி, என்ன சொன்னா? இல்ல, சொல்லுங்க. கேட்டதக் கேட்டபடி சொல்லுங்க.

நிலைக்கும்னு சொன்னாளா.

நிலைக்கும், அவரு சொன்ன சொல்லு தவற மாட்டாரு, நம்பிக் குடுங்கன்னாளா. என் மகளா? நிமிந்து பாத்துச் சொன்னாளா, எடை போட்டுக்கிட்டே சொன்னாளா? மூட்டையில நம்பர் எழுதிக்கிட்டே சொன்னாளா. அழுதாளா? இல்ல, அவ அழ மாட்டா. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்ல.

வேற என்ன சொன்னா? ஏதோ இருக்கு, முழுங்குறீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன், சொல்லுங்கண்ணே.

உள்ள எங்கப்பா இருக்காரு, அவரு வருஷத்தை எண்ணச் சொல்லுவாரு, நீங்க எண்ணாதீங்க, எண்ணுனா உங்க பொண்ணுக்கு வயசாயிரும்னாளா.

அப்படியே சொன்னாளா?

உக்காருங்கண்ணே. ஒரு நிமிஷம் உக்காருங்க. என் மக இப்படிப் பேசுவான்னு எனக்குத் தெரியாது. மணப்பாறைக்காரர் வந்தப்பவும் அவதான் உக்காந்திருந்தா, மேலூர்க்காரர் வந்தப்பவும் அவதான். அவங்க அவகிட்டக் கேக்கல போல. ரெண்டு பேரையும் நான் தொரத்தி விட்டேன்ல, அப்ப நான் என்ன நெனச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. அந்த ரெண்டு நாளும் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு, அது மட்டும் தெரியும். பய எங்கயும் போயிரல, இருக்கான், இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு நாமளே ஒரு வார்த்தை சொல்லி விட்டா ஓடி வருவான்னு. ஓடித்தான் வருவான், அவன் கோவக்காரன் இல்லண்ணே. நல்ல பையன். ஆமா, இப்பதான் சொல்றேன், நல்ல பையன். நீங்க அதைப் பிடிச்சுக்காதீங்க.

நீங்க எப்பத் தட்டு மாத்தறதா இருக்கீங்க? வெள்ளிக்கிழமையா? இந்த வெள்ளிக்கிழமையா? இன்னைக்கு செவ்வாய்ல்ல. அந்தம்மா சரின்னு சொல்லிருச்சா? விசாரிச்சுட்டு வாங்கன்னு நாளும் குறிச்சுக் குடுத்துருச்சா.

அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணுக்கு என்ன வயசு? இருபத்தி நாலா. சின்னப் புள்ள. அதுக்கு இந்த ஜில்லாவுல ஆயிரம் மாப்பிள்ளை கெடைக்கும், நானே பாத்துத் தர்றேன். வெள்ளிக்கிழமை வேணாம்ணே. அடுத்த வெள்ளிக்கு வச்சுக்கங்க. நான் சாயந்தரமே பெருமாயி வீட்டுக்குப் போறேன். தட்டை நான் தூக்கிக்கிட்டுப் போறேன். அந்தம்மா வாசல்லயே நிக்க வச்சாலும் நிக்கறேன், அவன் ஆயிரம் கேள்வி கேட்டாலும் பதில் சொல்றேன். வயசுல சின்னவன்தான், இருந்தாலும் பரவாயில்ல.

ஏன் முன்பக்கமே பாக்கறீங்க? அவளக் கூப்பிடாதீங்க, நீங்க சொன்னது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். நீங்க பாட்டுக்குப் பின்பக்கமாப் போயிருங்க. ஏழு நாள்தான் கேக்கறேன். ஏழே நாள். வெறும் ஏழு நாள் பொறுத்தா என்னண்ணே கெட்டுப் போயிரும்?